சன்னல் பக்கமும் கதவுப் பக்கமும்

நான் உயரத்தில் குறைந்தவள். விரிப்பு மடிக்கிற வேலைக்கு அது பெரிய இடைஞ்சல். ஆஸ்பத்திரிக் கட்டில் விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து, உதறி, மடிக்க வேண்டும். கை தாழ்ந்தால் துணியின் நடுப்பகுதி தரையைத் தொட்டுவிடும். தரையைத் தொட்ட துணி மறுபடியும் தண்ணீருக்குத்தான் போக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கையால் அப்படித் திரும்பிப் போன துணி கொஞ்சநஞ்சமல்ல. துவைக்கிற பக்கத்து ஆட்கள் என்னைக் கண்டாலே, "வாங்க வாங்க, நீங்க இல்லேன்னா எங்களுக்கு ஏது வேலை" என்பார்கள்.

ஒரு நாள் காலையில் நான் நிற்கிற இடத்தில் ஒரு பலகை கிடந்தது. அடியில் கட்டை கொடுத்து, ஓரமெல்லாம் இழைத்து, ஏறி நின்றால் ஆடாமல் இருந்தது. நின்று பார்த்தேன். துணி தரையைத் தொடவில்லை. யார் கொண்டுவந்து போட்டது என்று சுற்றிலும் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. எதிர் முனையில் நின்ற மேசையக்கா, "பலகையை அப்புறம் பாக்கலாம். துணியைப் பிடி" என்றார்.

அவருடைய வீட்டுக்காரர் தச்சர் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. உடனே போய்க் கேட்டேன். "எந்தப் பலகை?" என்று என்னையே திருப்பிக் கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். கொடுத்ததைக் கொடுத்தேன் என்று சொல்லத் தெரியாத மனுஷி. அன்றிலிருந்து கூடத்தில் என் பெயர் 'பலகை' ஆகிவிட்டது. இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

மேசையக்காவுக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் மடிக்கிற மேசைக்கு அவர்தான் தலைவி. அதனால் எல்லாருக்கும் மேசையக்கா. ஒல்லியான உடம்பு, நீளமான கைகள். சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். எங்கள் சலவைக் கம்பெனியில் துவைக்கிற இயந்திரங்கள் கீழே. ரோலரும் மடிக்கிற மேசைகளும் மேலே. ரோலர் என்பது ஈரத் துணியை ஒரு பக்கம் வாங்கி, சூட்டில் தேய்த்து, மறுபக்கம் தள்ளுகிற இயந்திரம். அங்கிருந்து வருகிற துணி ஆறுவதற்குள் மடித்தாக வேண்டும். ஆறினால் மடிப்பு நிற்காது. அந்த வெக்கையில் காலையிலிருந்து மாலைவரை நிற்கிறவர்களுக்கு எரிச்சல் வராமல் இருக்குமா? எங்களுக்கு வரும். அவருக்கு மட்டும் வராது. எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

எங்களுக்கு ஒரு மடிப்பு இருந்தது. விரிப்பின் நான்கு மூலையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, கதவுப் பக்கம் இருக்கிற ஓரத்தைச் சன்னல் பக்கத்து ஓரத்தின் மேல் கொண்டுபோய்ச் சேர்ப்போம். எல்லா மேசையிலும், எல்லாத் துணிக்கும், சன்னல் பக்கம்தான். ரோலர் முனையில் நிற்பவருக்குச் சன்னல் இடது கைப்பக்கம். வலது கை போய் இடது கையைத் தொடும். எதிரே அலமாரி முனையில் நிற்பவருக்கு இடது கை போய் வலது கையைத் தொடும். மேசையக்கா ரோலர் முனை. நான் அலமாரி முனை. வருஷக்கணக்கில் அதே இடம், அதே கை. பேச்சு ஒரு பக்கம் நடக்கும், கை பாட்டுக்கு மடிக்கும். ஏன் சன்னல் பக்கம் என்று கேட்டால் எங்களுக்குச் சொல்லத் தெரியாது. சோறு ஏன் வாய்க்குப் போகிறது என்று யாராவது கேட்பார்களா?

கம்பெனியை விற்கப்போகிறார்கள் என்ற சேதியை முதலில் கொண்டுவந்தவள் ரேடியோ. எங்கள் பக்கத்து மேசைக்காரி. எந்தச் செய்தியும் அவள் வாயில் ஒலிபரப்பாகாமல் ஊருக்குள் போகாது.

"வித்தாச்சு. கையெழுத்தும் போட்டாச்சு. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று எல்லாரிடமும் சொன்னாள்.

நான் அன்று வீட்டுக்குப் போனதும் விளக்கேற்றி, இந்த விற்பனை நடக்காமல் இருக்க வேண்டும் என்று உருகி வேண்டிக்கொண்டேன். மறுநாளே முதலாளி எங்களை மேலே கூடச் சொன்னார். கடவுள் நம் வேண்டுதலைக் கேட்டுவிட்டு, இவளுக்கு எது கேட்க வேண்டும் என்றே தெரியவில்லை என்று நினைத்திருப்பார் போலும்.

முதலாளி வயதானவர். பிள்ளைகளுக்கு இந்தத் தொழிலில் மனமில்லை. ரோலரை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசினார். அந்தக் கூடத்தில் அத்தனை அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நகரத்தின் மறுபக்கத்தில் இருக்கிற பெரிய சலவைக் கம்பெனி எங்களை வாங்கிக்கொண்டதாம். இந்தக் கட்டடம் மூடப்படுமாம். நாங்கள் அங்கே போய் அவர்கள் ஆட்களோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டுமாம்.

"உங்களை நடுத்தெருவுல விட்டுட்டுப் போகல. இயந்திரத்தோட உங்களையும் சேர்த்துத்தான் குடுத்திருக்கேன்" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவர் இறங்கிப் போனதும் ரேடியோ பொரிந்தாள். "நாம என்ன வாஷிங் மிஷினா, சேர்த்துக் குடுக்கிறதுக்கு?"

மேசையக்கா ஆறிப்போன துணியை எடுத்துக் கூடையில் போட்டபடி சொன்னார். "அதுக்கென்ன இப்போ? மிஷினைத் தூக்கிட்டுப் போக ஆள் வேணும், கயிறு வேணும். நாம நடந்தே போயிடலாம். நமக்குத்தான் சௌகரியம்."

அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

ஆனால் அவருக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டுக்காரருக்கு முதுகு போய், கனமான வேலை எதையும் எடுக்க முடியாத நிலை. மகள் நர்ஸ் படிப்பில் இருந்தாள். அந்த வீடு நின்றது மேசையக்காவின் இரண்டு கைகளில்தான். புதுக் கம்பெனியில் ஏற்கெனவே ஒரு மேசைத்தலைவி இருக்கிறாள் என்று ரேடியோ கேள்விப்பட்டு வந்திருந்தாள். ஒரு கூடத்துக்கு இரண்டு தலைவி எதற்கு? அது அவருக்கும் தெரியும். "போய்ப் பாப்போம். போகாமலே பயந்தா, போன பிறகு பயப்பட ஒண்ணும் மிச்சம் இருக்காது" என்றார்.

புதுக் கூடம் பெரிது. ரோலர்கள் புதியவை. சுவரெல்லாம் வெள்ளை. எங்கள் பழைய கூடத்தில் இருந்தது போலவே ரோலர் முனையில் நின்றால் சன்னல் இடது பக்கம், கதவு வலது பக்கம். அதைப் பார்த்ததும் எனக்கு மனம் கொஞ்சம் சமாதானமாயிற்று. என் பலகையைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். வாசலில் காவல்காரர் அதைப் பிடித்துக்கொண்டு, "இது என்னம்மா, பீரங்கி வைக்கிற மேடையா?" என்றார்.

அங்கிருந்த மேனேஜர் சின்ன வயதுக்காரர், நல்ல மாதிரி. எங்களை நிற்கவைத்துத் தெளிவாகச் சொன்னார். "உங்கள்ல ஒருத்தர், எங்கள்ல ஒருத்தர்னு கலந்துதான் நிக்கணும். தனித்தனியா விட்டா கடைசிவரைக்கும் நீங்க வேற நாங்க வேறன்னு ஆயிடும். மாசக் கடைசியில தலைமை ஆபீஸ்ல இருந்து வந்து பாப்பாங்க. கூடம் ஒழுங்கா ஓடினா எல்லாரும் இருக்கலாம். ஓடலேன்னா வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு இடம் இருக்காது. மறைச்சு வைக்க எனக்கு விருப்பம் இல்ல, அதான் இப்பவே சொல்றேன்."

மேசையக்கா மட்டும் கேட்டார். "சார், ஒரே ஒரு உதவி. எங்க ஆளுங்க அவங்கவங்க பழகின முனையிலேயே நிக்கட்டும். ரோலர் முனைக்காரி ரோலர் முனை, அலமாரி முனைக்காரி அலமாரி முனை. இடமாவது பழசா இருக்கட்டுமே."

"தாராளமா" என்றார் மேனேஜர். எங்களுக்காக மேசையக்கா கேட்டு வாங்கிக் கொடுத்த அந்த உதவியை நினைத்து நான் மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டேன். அதுதான் எங்கள் காலை வாரப்போகிறது என்பது அப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மேசையக்காவுக்கு எதிரே நின்றவள்தான் அந்தக் கம்பெனியின் மேசைத்தலைவி. எங்களைவிட வயதில் சின்னவள். தொண்டை மட்டும் பெரியது. பேசினால் கூடத்தின் அந்தக் கோடிவரை கணீரென்று கேட்கும். அவளை அவர்கள் வெண்கலம் என்பார்கள். அவர்களில் யார் விடுப்பு எடுத்தாலும் அந்த இடத்தில் போய் நிற்பது அவள்தான். அதனால் எந்த முனையானாலும் அவளுக்கு ஒன்றுதான்.

ரோலர் துணியைத் தள்ளியது. இரண்டு பேரும் மூலைகளைப் பிடித்து உதறினார்கள். மடித்தார்கள். விரிப்பு நடுவில் முறுக்கிக்கொண்டு கயிறு மாதிரி நின்றது.

"என்னம்மா பண்றீங்க?" என்றாள் வெண்கலம்.

"நீ என்ன பண்றே?" என்றார் மேசையக்கா.

திரும்பிப் பார்த்தால் எல்லா மேசையிலும் கயிறு. எனக்கு எதிரே நின்ற பெண், "இது துணி மடிக்கிறதா, தேர் இழுக்கிறதா?" என்று கேட்டாள். விஷயம் கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது. அவர்கள் கதவுப் பக்கம் மடிக்கிறவர்கள். நாங்கள் சன்னல் பக்கம். ஒரு முனையில் இருப்பவள் துணியை இந்தப் பக்கம் கொண்டுபோக, மறுமுனையில் இருப்பவள் அந்தப் பக்கம் கொண்டுபோக, நடுவில் கிடக்கும் துணி பாவம் என்ன செய்யும்? முறுக்கிக்கொள்ளத்தான் செய்யும்.

"எங்க கூடம். கதவுப் பக்கம்தான்" என்றாள் வெண்கலம் இடுப்பில் கை வைத்து.

நாங்கள் எல்லாரும் மேசையக்காவைப் பார்த்தோம். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நாங்கள் துணியைப் போட்டுவிட்டு வரிந்து கட்டிக்கொண்டு நின்றிருப்போம். அவர் அந்த முறுக்கைப் பிரித்துவிட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "இனிமே எல்லாரும் கதவுப் பக்கம்" என்றார்.

மதியம் சாப்பாட்டு அறையில் ரேடியோ தன் டப்பாவைத் திறக்கவே இல்லை. "முதலாளி கம்பெனியை வித்தார். இவங்க மடிப்பை வித்துட்டாங்க. ஒரு மல்லுக்கட்டு இல்ல, ஒண்ணு இல்ல."

"மடிப்பு என்ன நம்ம பாட்டன் சொத்தா?" என்றார் மேசையக்கா. "துணிக்கு எந்தப் பக்கம்னு ஏதாவது தெரியுமா? படுக்கிற நோயாளிக்குத் தெரியுமா? நமக்கு இங்க வேலை வேணும். அதுல மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மத்ததெல்லாம் யாரு கேட்டாலும் எடுத்துக்கட்டும். சாப்பிடு."

"உங்களுக்கு மானமே இல்லையா அக்கா?"

"இருக்கு. அதை மடிச்சு உள்ள வெச்சிருக்கேன். சாப்பிடுடி."

ரேடியோ டப்பாவைத் திறந்தாள். கோபம் போகவில்லை, பசி வந்துவிட்டது.

கதவுப் பக்கம் என்று வாய் சொல்லிவிட்டது, கை கேட்கவில்லை. எங்களில் யாருக்கும் கேட்கவில்லை. ஒன்றிரண்டு துணி சரியாக வரும். அடுத்தது பழையபடி சன்னல் பக்கம் ஓடிவிடும். யோசித்து யோசித்து மடித்தால் வேகம் போயிற்று. வேகத்தைப் பார்த்தால் முறுக்கு விழுந்தது. துணி ஆறி, மடிப்பு நிற்காமல், கூடைகூடையாக ரோலருக்கே திரும்பிப் போயிற்று. அத்தனை பேரிலும் அதிகம் தப்பு செய்தது யார் என்றால், மேசையக்காதான். எங்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்த கையல்லவா? அதில் பழைய மடிப்பு எங்களைவிட ஆழமாக ஊறியிருந்தது.

வெண்கலம் விடுவாளா? "கதவு! கதவும்மா! அந்தப் பக்கம் சன்னல், பறந்து போயிடப் போறீங்க!" என்று கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவாள். அவர்கள் ஆட்கள் சிரிப்பார்கள். எங்களுக்கு உடம்பு கூசும். மேசையக்கா கூசவில்லை.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு. என் கைக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்பார்.

முதலில் அதைக் கேட்டு அவர்கள்தான் சிரித்தார்கள். பிறகு வெண்கலமே சிரித்துவிட்டாள். அடுத்த நாள் பார்த்தால், கத்துவதற்குப் பதில் அவளே மேசையைச் சுற்றி வந்து, மேசையக்காவின் கையைப் பிடித்துக் கதவுப் பக்கம் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டிருந்தாள். தன்னைவிடச் சின்னவளிடம் கையைக் கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றார் மேசையக்கா. "சரி, இன்னொரு தடவை" என்றார். "ஐயோ மறுபடியும் போயிட்டேனே" என்றார். ஒரு தடவைகூட, இது உங்கள் மடிப்பின் தப்பு என்று சொல்லவில்லை.

மாசம் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. ஒரு நாள் வேலை முடிந்து போகிற வழியில் நான் அழுதுவிட்டேன். "நம்மள அனுப்பிடுவாங்கக்கா."

"அனுப்பினா போவோம். அனுப்பறதுக்கு முன்னாடியே நீ ஏன் மூட்டை கட்டுறே?" என்றார். நடந்துகொண்டே இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, ஒன்றை மற்றொன்றின் மேல் வைத்து வைத்துப் பழகிக்கொண்டிருந்தார். எதிரில் வந்த ஒரு பெரியவர் தன்னைத்தான் கும்பிடுகிறார் என்று நினைத்துப் பதிலுக்குக் கும்பிட்டார். மேசையக்கா தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டே அவரையும் கும்பிட்டுவிட்டு நடந்தார்.

அடுத்து நடந்ததைத் திட்டம் போட்டு யாரும் செய்யவில்லை. மேசையக்கா மடித்த துணிக்கட்டை அடுக்குவதற்காக அலமாரிக்குப் போயிருந்தார். வெண்கலம் தண்ணீர் குடித்துவிட்டு ரோலர் பக்கமாகத் திரும்பி வந்தாள். அதற்குள் ரோலர் அடுத்த துணியைத் தள்ளிவிட்டது. மேசையைச் சுற்றி இடம் மாற நேரமில்லை.

"அங்கேயே நில்லுங்க! நான் இங்க பிடிக்கிறேன்!" என்று வெண்கலம் கத்தினாள்.

அலமாரி முனையிலேயே நின்று துணியைப் பிடித்தார் மேசையக்கா. உதறினார்கள். அவசரத்தில் யோசிக்க நேரமில்லாமல், அவருடைய கை வழக்கம் போலப் பழைய தப்பைச் செய்தது. வலது கை போய் இடது கையைத் தொட்டது.

துணி முறுக்கவில்லை. அழகாகக் கதவுப் பக்கம் போய் விழுந்தது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இன்னொண்ணு" என்றார் மேசையக்கா. இன்னொன்று வந்தது. அதுவும் சரியாக விழுந்தது. அடுத்ததும். ரோலர் தள்ளத் தள்ள இவர்கள் மடித்துத் தள்ளினார்கள். வெண்கலம் வாயைத் திறந்தபடி மடித்துக்கொண்டிருந்தாள், சத்தம் வரவில்லை. அவள் சத்தமில்லாமல் இருந்ததைப் பார்த்துத்தான் மற்றவர்கள் திரும்பினார்கள்.

மேசையக்கா துணியை அப்படியே மேசையில் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "பழகின முனையே குடுங்கன்னு கேட்டு வாங்கினவளே நான்தான்! எதிர் முனையில நின்னா கை பழகின மாதிரியே போகுது. போய் விழுறது மட்டும் கதவுப் பக்கம். இத்தனை நாளா எல்லார் உயிரையும் எடுத்துட்டேனே!"

நான் அவசரமாக மனதில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்குப் புரியவில்லை. பலகையைத் தூக்கிக்கொண்டு ரோலர் முனைக்குப் போய் நின்றேன். "யோசிக்காதே, சும்மா மடி" என்றார் மேசையக்கா. சும்மா மடித்தேன். எதிரில் இருந்த பெண் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அப்புறம் அவரும் வெண்கலமும் சேர்ந்து கூடத்தையே கலைத்துப் போட்டார்கள். எங்களில் ரோலர் முனைக்காரிகள் எல்லாரும் அலமாரி முனைக்கு. அங்கே அவர்கள் ஆட்களில் ரோலர் முனையில் பழகியவர்கள் எதிரே. எங்களில் அலமாரி முனைக்காரிகள் ரோலர் முனைக்கு. "நீ இங்கே வா, அவங்க அங்கே போங்க, ஏய், நீ எங்க போறே?" என்று வெண்கலத்தின் குரல் முழங்கியது. கல்யாண வீட்டில் பந்தி மாற்றி உட்காரவைப்பது போல இருந்தது. மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து ஓடிவந்து, "சண்டையா?" என்று கேட்டார்.

"இல்ல சார், சமாதானம். கொஞ்சம் சத்தமா நடக்குது" என்றார் மேசையக்கா.

மாசக் கடைசியில் தலைமை ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ரோலர் ஓடியது, நாங்கள் மடித்தோம், கட்டுகள் அலமாரியில் ஏறின. எங்களில் ஒருவரும் போக வேண்டியதில்லை என்று மேனேஜர் சொன்னபோது ரேடியோ அழுதாள். அதைச் செய்தியாக யாரிடமும் சொல்லக் கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஆனால் மேசையக்காவின் இடம் இன்னும் தீராமல்தான் இருந்தது. கூடத்துக்கு ஒரு தலைவிதான் என்பது மாறவில்லை. மேனேஜர் இரண்டு பேரையும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே நடந்ததை வெளியே வந்து சொன்னது வெண்கலம். அவள் சொன்னால் அடுத்த தெருவுக்கும் கேட்கும். எனக்குக் கேட்காமலா இருக்கும்?

மேனேஜர் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாராம். மேசையக்காவே தொடங்கினாராம்.

"சார், நீங்க சுத்தி வளைக்க வேண்டாம். இந்தக் கூடத்துக்கு இவதான் சரி. ரெண்டு முனையும் தெரிஞ்சவ, குரலும் எட்டும். நான் தியாகம் எல்லாம் பண்ணல. எனக்குத் தலைவி சம்பளம் வேணும், அதுல குறைச்சு வாங்கிட்டு என் வீட்டுல என்னால நிக்க முடியாது. நீங்க அடுத்து ஒரு கம்பெனியை வாங்கறதாப் பேச்சு அடிபடுது. அங்கேயும் மேசை இருக்கும், அங்கேயும் மடிக்கிறவங்க இருப்பாங்க. அவங்களைச் சேர்த்துக்க ஒரு ஆள் வேணும் இல்லையா? வித்த பக்கத்துல இருந்து வந்தவங்கள்ல தலைவி வேலையும் தெரிஞ்சவ உங்ககிட்ட நான் ஒருத்திதான் இருக்கேன். என்னை அனுப்புங்க."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். "இதை நான் யோசிக்கவே இல்லையே" என்றாராம்.

"அதான் நான் யோசிச்சுட்டு வந்தேன்" என்றாராம் இவர்.

வெண்கலம் இதைச் சொல்லும்போது மூக்கை உறிஞ்சினாள். "என்ன பொம்பளைப்பா இவங்க! கேக்கறதை நேரா கேட்டுட்டாங்க. நான் எங்க அம்மாகிட்டகூட இப்படிக் கேட்டதில்ல."

தலைமை ஆபீஸ் சம்மதிப்பதற்குக் கொஞ்ச காலம் பிடித்தது. அந்த இடைக்காலத்தில் மேசையக்கா எந்தப் பதவியும் இல்லாமல், வெண்கலத்தின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, அலமாரி முனையில் நின்று மடித்தார். முகம் வாடவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. தினமும் விளக்கின் முன் உட்கார்ந்து அவருக்காகக் கேட்டேன். இந்த முறை, இப்படிச் செய்யுங்கள் என்று கடவுளுக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவருக்கு நல்லது எதுவோ அதைச் செய்யுங்கள் என்று மட்டும் கேட்டேன். உத்தரவு வந்தது. அந்தப் புதிய சலவைக் கம்பெனி வெகு தூரத்தில், வேறு நகரத்தில் இருந்தது. வீட்டுக்காரரையும் மகளையும் கூட்டிக்கொண்டு அங்கேயே குடிபோவதாக முடிவாயிற்று.

அவர் கிளம்பிய காலையில் நான் வேலைக்கு முன்னால் பேருந்து நிலையத்துக்குப் போனேன். வீட்டுக்காரர் உளிகளைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தார். மகள் சன்னலோர இடத்தைப் பிடித்துவிட்டாள். மேசையக்கா படியில் ஒரு கால் வைத்தபடி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். அவரைப் பற்றி எனக்கிருந்த கவலையெல்லாம் ஒரே கேள்வியாக வந்தது.

"அங்க உங்களைப் பிடிக்காதேக்கா. அவங்களுக்கு நீங்கதானே வாங்கின கம்பெனிக்காரி? முறைப்பாங்களே?"

"முறைப்பாங்க. நாம வெண்கலத்தை முறைக்கலையா? அது பாட்டுக்கு முறைச்சுட்டுப் போகட்டும்" என்றார்.

ஓட்டுநர் இயந்திரத்தைக் கிளப்பிவிட்டார். நான் விடாமல், "அங்க எந்தப் பக்கம் மடிக்கிறாங்களோ?" என்றேன்.

அவர் தோள் குலுங்கச் சிரித்தார். அன்றைக்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. தூரம் அப்படி. படியேறித் திரும்பி நின்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"எந்தப் பக்கம்னா என்னடி? போனதும் முதல்ல கேக்கப் போறதே அதைத்தான். கேட்டுட்டுத்தான் இந்தப் பையையே கீழே வைப்பேன்."